மழை விடட்டும் என்றார் ரெஜினா

செய்தி வந்தபோது நான் பாலத்தின் மீது இருந்தேன். சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூர் திரும்பும் பேருந்து அரை மணி நேரமாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. ரெஜினாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மகள் ஜெனிபர். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில குசினியில விழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அடக்கம் நாளைக்கு, சிம்பாங் ரெங்கத்துல." நான் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முதலில் வந்தது துக்கம் இல்லை, ஒருவிதப் பயம். இனிமேல் என்னைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்க யாரும் இல்லை என்ற பயம்.

செனாயில் எங்களோடு வேலை பார்த்த பலர் அடக்கத்துக்கு வந்திருந்தீர்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்களில் இருவர் என்னிடம், "ரெஜினா ஏன் அப்போது திடீரென்று வேலையை விட்டுப் போனார்?" என்று கேட்டீர்கள். உடம்பு சரியில்லாமல் போய்விட்டது என்றேன். அது பொய். அவர் குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய். இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ரெஜினா சவரிமுத்துவை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். எங்கள் நிறுவனம் சிறியது. வீடுகளில் துணைக்கோள் தொலைக்காட்சிக்கு வைக்கும் டிகோடர் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை எழுதுவதும், பெட்டி வீட்டுக்குப் போன பிறகும் அந்த மென்பொருளை அவ்வப்போது திருத்தி வானத்தின் வழியாகவே அனுப்புவதும் எங்கள் வேலை. எழுதுபவன் நான். சோதிப்பவர் அவர். பத்தொன்பது வயதில் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, சோதனைப் பிரிவுக்குத் தலைவரானவர். பதினோரு ஆண்டுகள் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. வயதில் எனக்கு மூத்தவர் என்பதால் ரெஜினாக்கா என்பேன். அவர் கடைசிவரை என்னை 'நீங்க' என்றுதான் அழைத்தார்.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் நடந்தது இது. நான் எழுதிய முதல் அப்டேட்டை அவரிடம் கொடுத்தேன். ஒரு பெட்டியில் ஏற்றினார். திரையில் சதவிகிதம் ஏறிக்கொண்டே வந்தது. முப்பத்தேழில் இருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். நான் பதறிப்போனேன். "என்னக்கா, நடுவுல பிடுங்கிட்டீங்க?" அவர் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "கோத்தா திங்கியில கரண்ட் போறப்ப உங்களுக்குப் போன் பண்ணிட்டா போகும், சேகர்?" அன்று மாலைக்குள் ஒவ்வொரு சதவிகிதத்திலும் ஒரு முறை பிடுங்கிப் பார்த்துவிட்டார். நான்கு இடங்களில் பெட்டி எழவில்லை. நான்கும் என் தவறுகள்.

இந்த வேலையின் ஆபத்தைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. நிகழ்ச்சிகளோடு சேர்ந்து துணைக்கோளிலிருந்து இன்னொரு மெல்லிய ஓடையும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் புதிய மென்பொருள் சிறு சிறு துண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சுற்றி வரும். ரிமோட்டில் அணைத்தாலும் பெட்டி முழுதாக உறங்குவதில்லை. வரும் துண்டு எந்த மாதிரிப் பெட்டிக்கானது, தன்னிடம் இருப்பதைவிடப் புதியதா என்று பார்க்கும். தனக்கானது என்றால் சேர்த்து வைத்துக்கொள்ளும். மழையில் ஒரு துண்டு தவறினால் அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்ததும், அனுப்பியது உரியவர்தானா என்று உள்ளே இருக்கும் முத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு காத்திருக்கும். வீட்டுக்காரர் தொலைக்காட்சியை அணைத்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். எங்கள் பழைய மாதிரிப் பெட்டிகளில் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னொன்றை எழுத இடம் கிடையாது. அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் பெட்டிக்குள் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அடியில் ஒரு சிறு தொடக்க நிரல் மட்டும் இருக்கும். எது கெட்டாலும் பெட்டியை மறுபடி எழுப்பிவிடுவது அதுதான். அதை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் இடத்தில் எழுதப்படாத சட்டம்.

"மேல இருந்து நம்ம பேசலாம். கீழ இருந்து ஒரு வார்த்தை திரும்பி வராது," என்பார் ரெஜினா. அது உண்மை. அந்தப் பெட்டிகளுக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. பிழைத்ததா செத்ததா என்பது, வீட்டுக்காரர் யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும்.

ஒரு ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில், தொடக் கூடாததைத் தொட வேண்டிய நிலை வந்தது. நான் சொன்ன முத்திரையை மாற்ற வேண்டும் என்று ஒளிபரப்புத் தரப்பு சொன்னது. கெடுவும் வைத்தது. முத்திரை இருந்தது தொடக்க நிரலுக்குள். அதற்கான நிரலை நான் எழுதினேன். ரெஜினா நாற்பது பெட்டிகளை இரும்பு அலமாரியில் அடுக்கி ஏற்றினார். முப்பத்தொன்பது எழுந்தன. ஒன்று எழவில்லை. அதில் சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

அது கோத்தா திங்கி சேவை மையத்திலிருந்து திரும்பி வந்திருந்த பழைய பெட்டி. உள்ளே வெள்ளத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சேறுதான் காரணம், முப்பத்தொன்பது போதும் என்றார். எனக்கும் அப்படியே நம்ப ஆசையாக இருந்தது. ரெஜினா அந்தப் பெட்டியைத் தன் மேசைக்குக் கொண்டுபோய், பல் துலக்கும் பிரஷால் சேற்றைத் தட்டினார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மற்றப் பெட்டிகளில் இருந்த நினைவகச் சில்லு அதில் இல்லை. வேறு கம்பெனியின் சில்லு. தயாரித்த ஆலை எப்போதோ பாதியில் சில்லை மாற்றியிருக்கிறது. மாதிரி எண்ணை மாற்றவில்லை.

"மேல இருந்து பார்த்தா ரெண்டு பெட்டியும் ஒண்ணுதான். உங்க நிரல் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்குமா?" என்று கேட்டார்.

"பார்க்கும்கா," என்றேன்.

நான் அதைச் சரிபார்த்திருக்கவில்லை. பார்க்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். என் நிரல், முத்திரை இருந்த சிறு பகுதியை மட்டும் அழித்துவிட்டு எழுதும். அந்த வேறு சில்லிலோ ஒரே வீச்சில் அழியும் பகுதி பெரியது. முத்திரையை அழித்தால் அதைச் சுற்றியிருந்த தொடக்க நிரல் முழுவதும் சேர்ந்து அழியும். அதை இரண்டு நாளில் கண்டுபிடித்திருக்கலாம். நான் தேடவில்லை.

ரெஜினா சோதனைத் தாளில் 'தேறவில்லை' என்று எழுதிவிட்டு, சிம்பாங் ரெங்கத்தில் அவருடைய மாமியாரின் அறுவை சிகிச்சைக்காக இரண்டு நாள் விடுப்பில் போனார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அனுப்பாதீங்க லா," என்று என்னிடம்தான் சொன்னார். மறுநாள் மேலாளர் புதிய தாள் ஒன்றை என் முன் வைத்தார். சோதனைப் பிரிவுத் தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில், 'அவருக்காக' என்று போட்டு நான் கையெழுத்திட்டேன். எழுதியவனும் நானே, தேறியது என்று சொன்னவனும் நானே. திங்கட்கிழமை நண்பகலில் ஓடை இறங்கத் தொடங்கியது.

திங்களும் செவ்வாயும் ஒரு புகாரும் வரவில்லை. சேவைப் பிரிவின் தொலைபேசிகள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தன. மேலாளர் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கி வைத்தார். செவ்வாய் பிற்பகல் ரெஜினா திரும்பி வந்தார். யாரிடமும் கோபப்படவில்லை. தாளைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்குப் போய் நின்றார். விமான நிலையத்துப் பக்கம் வானம் தெரியவில்லை. மூன்று நாளாக விடாத மழை.

"ஒண்ணும் ஆகலையேக்கா," என்றேன்.

"பாதி வீட்டுல டிஷ்ஷுக்கு இன்னும் முழுசா வந்து சேரலை," என்றார் திரும்பாமல். "மழை விடட்டும்."

புதன் காலை வெயில் அடித்தது. அத்தனை வெளிச்சமான காலையைப் பார்த்து நான் அதற்கு முன் பயந்ததில்லை. ஒன்பதரைக்கு குளுவாங்கிலிருந்து முதல் அழைப்பு. பிறகு சிம்பாங் ரெங்கம். பிறகு கோத்தா திங்கிப் பக்கத்துக் கம்பத்துச் சிற்றூர்களிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். காலைச் செய்தி பார்த்துவிட்டு அணைத்தோம், இப்போது விளக்கே எரியவில்லை. ரெஜினா ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அழைப்பு வந்த ஊர்களைப் புள்ளியிட்டார். மேகம் விலகிய வழியிலேயே புள்ளிகள் நகர்ந்தன.

ஓடையை உடனே நிறுத்தினோம். ஆனால் ஏற்கெனவே எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்துவிட்ட பெட்டிகள் காத்துக்கொண்டிருந்தன. தொலைக்காட்சி ஓடும்வரை அவற்றுக்கு உயிர் இருந்தது. யாராவது அணைத்தாலோ, மின்சாரம் போய்த் திரும்பினாலோ அவையும் எழுதத் தொடங்கிவிடும். அணைக்காதீர்கள் என்று திரையில் ஒரு வரி ஓடவிடலாம் என்றார் ரெஜினா. குற்றத்தை ஒப்புக்கொள்வது போல ஆகும் என்று மேலாளர் மறுத்தார். நான் அன்று மாலைக்குள், தொடக்க நிரலைத் தொடாத, எண்ணில் இன்னும் புதிய ஒரு தொகுப்பைத் தயாரித்தேன். அது போய்ச் சேர்ந்தால் பெட்டி முந்தையதைக் குப்பையில் போட்டுவிடும். வியாழன் காலை அனுப்பினோம். கெடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தொலைபேசிப் பேச்சில் அது ஒரு மாதம் தள்ளிப்போனது.

வியாழன் விடியும் முன்பே கிழக்கிலிருந்து மறுபடியும் மழை ஏறி வந்தது. கோத்தா திங்கியில் ஆறு கரையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். ரெஜினா புகார்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் தானே கூப்பிட்டு, எப்போது அணைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நான்கைந்து முறை முயன்றுவிட்டு, புகார் எப்படி வந்தது என்று தேடினார். முந்தின நாள் குறுஞ்செய்தியாக வந்திருந்தது. சேவைப் பிரிவில் யாரும் முழுதாகப் படிக்கவில்லை. ரெஜினா எனக்குப் படித்துக் காட்டினார்.

"பெட்டி செத்துப்போச்சு. எனக்குக் காது கேட்காது, கால் பண்ணாதீங்க. வெள்ளத் தண்ணி நிலவரத்துக்கு அதுல ஓடுற எழுத்தைத்தான் பார்ப்பேன். சீக்கிரம் ஆள் அனுப்புங்க. சரோஜா, தையல்காரர்."

ரெஜினா பதில் செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் விழவில்லை. கார்ச் சாவியை எடுத்தார். "முகவரி ஆத்தோரம். வர்றீங்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வராவிட்டால் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்.

செனாயிலிருந்து போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் தண்ணீரில் நின்றன. ஊருக்குள் நுழையும் இடத்தில் சாலையைத் தடுத்திருந்தார்கள். மீட்புப் படகில் இருந்தவர், அந்த வீட்டு வரிசையில் ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்தாயிற்று, எல்லாரும் காலையிலேயே வெளியேறிவிட்டார்கள் என்றார். அந்தத் தையல்கார அம்மா தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று வெள்ளத்துக்குப் பயந்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அண்டை வீட்டுக்காரரும் சொன்னார்.

"நீங்க பார்த்தீங்களா, போனதை?" என்று ரெஜினா கேட்டார்.

அவர் பார்க்கவில்லை.

"அவங்களுக்குக் காது கேட்காது," என்று ரெஜினா படகுக்காரரிடம் மலாய் மொழியில் சொன்னார். அதற்கு மேல் கெஞ்சவோ சத்தம் போடவோ இல்லை. படகு அந்த வரிசைப் பக்கம் திரும்பியது. எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு முன்னால் தண்ணீர் என் இடுப்பு வரை இருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மீட்புப் படையினர் தட்டினார்கள். தட்டுவதில் பயன் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் தட்டினோம். ரெஜினா ஜன்னலுக்குப் போய் கண்ணாடிப் பட்டைகளில் இரண்டை உருவினார். உள்ளே கையை விட்டு டார்ச்சை அடித்து அணைத்து, அடித்து அணைத்துக் காட்டினார். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. நான் அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை. என் கையெழுத்தைத்தான் நினைத்தேன்.

பிறகு உள்ளறையிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் பதில் சொன்னது. சரோஜா தையல் மேசையின் மீது ஏறி, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் கட்டில் நனைந்தபோதுதான் விழித்திருக்கிறார். அதற்குள் வெளியே யாரும் இல்லை, மின்சாரம் இல்லை, போனில் உயிர் இல்லை. கதவு தண்ணீரில் உப்பிப்போய்த் திறக்க வரவில்லை. கதவை உடைத்து அவரைப் படகில் ஏற்றினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சூடான மைலோ பானத்தைக் கொடுத்துவிட்டு, ரெஜினா தன் போனில் யார் என்று தட்டெழுதிக் காட்டினார். சரோஜா படித்தார். போனை வாங்கி அவரும் எழுதினார். "பெட்டி ஏன் செத்துச்சு?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். ரெஜினா யோசிக்கவே இல்லை. "நாங்கள் அனுப்பிய அப்டேட்டால். சரியாகச் சோதிக்காமல் அனுப்பிவிட்டோம். மன்னிக்கவும்," என்று எழுதினார். 'நாங்கள்' என்றுதான் எழுதினார். சரோஜா அதை இரண்டு முறை படித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை தயாரானது. பெட்டிகள் செயலிழந்ததற்குக் காரணம் பருவமழைக் கால மின்னல் என்று அதில் இருந்தது. ஜொகூரில் யாரும் சந்தேகப்படாத காரணம். மேலாளர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். ரெஜினா தாளைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நான் ஏற்கெனவே ஒருத்தங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், சார். இப்ப இதுல கையெழுத்துப் போட்டா அவங்களுக்கு நான் பொய் சொன்னதா ஆயிடும்."

மேலாளர் என்னைப் பார்த்தார். ரெஜினா என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குச் செய்த உபகாரம் என்று இப்போது தெரிகிறது. நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது முறையும், அவர் போட வேண்டிய இடத்தில்.

அந்த மாதமே அவரைச் சோதனைப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். பெட்டிகளை எண்ணி அடுக்கும் வேலை. சில மாதங்களில் விலகினார். கடைசி நாளன்று சாப்பாட்டு வேளையில் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தேன். அவரே பேசினார்.

"கையெழுத்துப் போட்டது எனக்கு வலிக்கல, சேகர். அன்னைக்கு உங்க நிரல் பார்க்குமான்னு கேட்டப்ப, 'தெரியலக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "புகார் பண்ணினவங்க கணக்கு நம்மகிட்ட இருக்கு. சொல்லாதவங்க எத்தனை பேருன்னு யாருக்குத் தெரியும்? பெட்டி போச்சுன்னு சும்மா உட்கார்ந்திருக்கிறவங்க."

பிறகு அவர் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பள்ளியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டார். கிறிஸ்துமசுக்கும் தீபாவளிக்கும் செய்தி அனுப்பிக்கொள்வோம். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது நெத்திலிச் சம்பலோடு சோறு போட்டார். அந்த வாரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் சிங்கப்பூருக்கு மாறினேன். இப்போது தொலைக்காட்சிப் பெட்டிகள் இல்லை. மருத்துவமனைப் படுக்கை ஓரத்தில் நோயாளிக்குச் சொட்டுமருந்து செலுத்தும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அவற்றுக்கும் அப்டேட்தான் அனுப்புகிறோம்.

இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், புதிதாக ஒரு பெரிய அப்டேட் போகப்போகிறது, வேலை அதிகம் என்று அவருக்கு எழுதியிருந்தேன். பெருமையாகத்தான் எழுதினேன். அவர் பதில் போட்டார். "நல்லது சேகர். ஒண்ணு கேட்கிறேன். எல்லாக் கருவியும் உள்ளுக்குள்ள ஒண்ணுதானா?" அப்புறம் பதில் எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். அந்த அப்டேட்டுக்கான அனுமதித் தாள் என் கையெழுத்துக்காக மேசைமேல் இருந்தது. ஒவ்வொரு ஆண்டும் தயாரான கருவிகளிலிருந்து ஒன்றை எடுத்து வரச் சொல்லி, வரிசையாக வைத்து மூடியைக் கழற்றினேன். மேலதிகாரி வந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். இவை எல்லாம் உள்ளே ஒன்றுதானா என்று பார்த்தீர்களா என்றேன். ஒன்றுதானே என்றார் அவர்.

"தெரியவில்லை," என்று சொன்னேன்.

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல். பன்னிரண்டு கருவிகளைத் திறந்தாயிற்று. பன்னிரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. பதின்மூன்றாவதன் திருகாணிகள் இப்போது என் முன்னால் தட்டில் கிடக்கின்றன. கையெழுத்து இன்னும் போடவில்லை.